துரையின் சப்பாத்தில் ஒரு துளை

மஸ்கெலியாவின் பழைய பட்டினம் நீர்த்தேக்கத்துக்குள் போவதற்குச் சில வருடங்களுக்கு முன், அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரராக இருந்தார். தினமும் காலையில் தோல்பையை மாட்டிக்கொண்டு பட்டினத்துத் தபால் கந்தோருக்கு நடந்துபோய், கடிதங்களை வாங்கிவந்து, தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவில் சேர்ப்பார். வெறுங்காலோடு நடந்தவரை அவர் காலுக்கு ஒரு குறையும் வரவில்லை. துரை தம் பழைய சப்பாத்து ஜோடியைக் கருணையோடு அவருக்குக் கொடுத்த பிறகுதான் வினை தொடங்கியது.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் வேறு எவரிடமும் அப்படியொரு சப்பாத்து இல்லை. அப்பா அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால் பக்கத்துக் காம்பராக்களின் கதவுகள் திறக்கும். இரண்டே மாதத்தில் அவருடைய வலது கால் சுண்டுவிரலின்மேல் மஞ்சளாக ஒரு தடிப்பு வந்து, நடுவில் கல்லாக இறுகியது. நொண்டி நொண்டி அவர் திரும்புவதற்குள் மத்தியானம் கடந்துவிடும். கடிதம் தாமதமானால் துரைக்குப் பிடிக்காது என்பது எனக்கே தெரியும்.

சித்தப்பா பார்த்துவிட்டு, அது மரு, ஊதுபத்தியால் சுட்டால் உதிர்ந்துவிடும் என்றார். உதிராவிட்டால் அரிந்துவிடலாமென்று சவர பிளேடையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அந்த நேரத்தில் மலையிலிருந்து வந்த அம்மா, கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அப்பாவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முதலில் தடிப்பை இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினாள். பிறகு மேலிருந்து அமுக்கினாள். அமுக்கியபோதுதான் அப்பா அலறினார்.

"மருன்னா கிள்ளுறப்பதான் வலிக்கும். இது கால் ஆணிங்க" என்றாள் அம்மா. தன் சுட்டுவிரலை நீட்டிக் காட்டினாள். "கொழுந்து ஒடிக்கிற எடத்துல எனக்குக் காச்சுப்போயிருக்குல்ல? அதே மாதிரிதான். ஒரசுற எடத்துல தோலு தடிச்சுக்கும். பிளேட உள்ள வைங்க தம்பி, சீழ் வச்சா காலே போயிரும்."

ஆணி என்றதும் நான் குனிந்து இரும்பைத் தேடினேன். ஒன்றும் தென்படவில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயந்தரம் அம்மா உப்புப் போட்ட வெந்நீரில் அவர் காலை ஊறவைத்தாள். ஊறிய தோலை ஆற்றுக்கல்லால் பதமாகத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவினாள். பழைய கம்பளியிலிருந்து சின்ன வளையம் வெட்டி, ஆணி அதன் நடுவில் இருக்கும்படி விரலில் கட்டினாள். இத்தனைக்கும் பிறகு காலையில் அதே சப்பாத்து அதே விரலை நெரித்தது.

"அத கழட்டிப் போட்டுட்டுப் போங்களேன்."

"தொரை குடுத்தத போடாமப் போனா என்னா நெனப்பாரு?"

ஒரு சனிக்கிழமை காலை அப்பா தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவப் போயிருந்தபோது, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்து, சுண்டுவிரல் படும் இடத்தில் சப்பாத்தை வட்டமாக அறுத்துவிட்டாள் அம்மா. திரும்பிவந்த அப்பா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"தொரையோட சப்பாத்துடி!"

"காலு உங்களுதுங்க."

பள்ளிக்கூடம் இல்லாததால் அன்று நானும் அவரோடு போனேன். அப்பா நொண்டவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே பங்களாவுக்கு வந்துவிட்டோம். பையை வாங்கிய துரையின் பார்வை கீழே இறங்கி, துளையில் நின்றது.

"யார் வெட்டினது?"

"நான்தாங்க தொரை. தெரியாமச் செஞ்சுட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க தொரை! எங்கம்மாதான் வெட்டுனாங்க, கவ்வாத்துக் கத்தியால!"

அப்பாவின் கை என் கையை இறுக்கியது. துரை என்னைப் பார்த்தார், துளையைப் பார்த்தார், பிறகு உரக்கச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். வீட்டில் நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னபோது, அம்மா சுளகைக் கீழே வைத்தாள். "சிரிச்சாரா? நல்லாப் பார்த்தியா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

ஒரு மாதத்தில் ஆணி மறைந்தது. துரைக்கு அன்று சிரிப்பு வராமல் கோபம் வந்திருந்தால், அம்மாவை வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டை எழுதி, எங்களை லயத்தைவிட்டே இறக்கியிருப்பார்கள். அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அம்மாவின் கெட்டிக்கார வேலையை அப்பா தன்னுடையதென்று சொல்லிக்கொண்டாரே என்று, இரண்டு நாள் அவரோடு பேசாமலிருந்தேன்.