நெய்ஞ்சாச்சு

முப்பது வருடம் தறியில் உட்கார்ந்தவன் நான். வீடு பெரிய காஞ்சிபுரத்தில். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை மரத்துப்போனது. பேச்சு திரும்பிவிட்டாலும், ஒரு சொல்லைத் தேடினால் வேறு சொல் வந்து நிற்கும்.

அன்று காலை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மகள் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அது தெரியாமல், கடைக்குப் போய் வந்த என் மனைவியும் அதே மாத்திரையை நீட்டினாள். ‘சாப்பிட்டாச்சு’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். “நெய்ஞ்சாச்சு” என்று வந்தது.

“ஆமாய்யா, நெய்ஞ்சு கிழிச்ச! வாயத் தொற” என்று சிரித்தாள்.

மறுபடி சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கையில் இருந்த மரப்பு மனதிலும் ஏறியிருந்தது. யாருக்கோ நடப்பதுபோல் வாயைத் திறந்து விழுங்கினேன்.

மதியம் மகள் போனில் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சாயங்காலம் வரை படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, “நல்ல வேளை, ஒண்ணும் ஆகல” என்றார் டாக்டர்.

“இவரு எதுவுமே சொல்லலீங்க” என்று அழுதாள் மனைவி.

இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். “சொன்னேன்” என்றேன். அந்தச் சொல் மட்டும் சரியாக வந்தது.

இப்போதெல்லாம் என்ன மாத்திரை, எதற்கு என்று தெரியாமல் நான் வாயைத் திறப்பதில்லை. சொல் தவறினால், மாத்திரை அட்டையில் காலியான இடத்தைத் தொட்டுக் காட்டுகிறேன். வலது கை இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது.

மனைவியும் மாத்திரையை உடனே நீட்டுவதில்லை. “நெய்ஞ்சாச்சாய்யா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை நிற்கிறாள்.