மந்திரித்துக் கொண்டுவந்த பெங்கிரி எண்ணெய்

ரப்பர் பால் வெட்டுகிறவளின் கையில் ஒரு புளித்த நாற்றம் இருந்துகொண்டே இருக்கும். தண்ணீர் விழுகிற பீலியில் நின்று எவ்வளவு சவர்க்காரம் தேய்த்தாலும் சோற்றில் கை வைக்கும்போது மறுபடி எழும்பி வரும். கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு அது நாற்றமே இல்லை. நான் ஓப்பநாயக்கப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணம் கட்டி இங்கே வந்த நாளிலிருந்து அது என் மூக்கை விட்டுப் போகவில்லை. அந்த நாற்றம் தாங்காமல்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது என்று நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் ஒரு கதை உண்டு. சுத்தப் பொய்.

எனக்கு வந்தது நினைப்பு. மகள் பிறந்து, நான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியபோது வந்தது. பாலை உறைய வைக்க ஊற்றுகிற அசிட் என் கையில் ஒட்டியிருக்கிறது, இந்தக் கையால் தூக்கினால் பிள்ளை செத்துப்போகும் என்ற நினைப்பு. நான் அசிட் பக்கமே போனதில்லை. அது ஸ்டோரில் ஆம்பளைகள் செய்கிற வேலை. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கழுவினேன். கழுவிவிட்டுக் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசல் வரை வருவேன், சரியாகக் கழுவினேனா என்று சந்தேகம் வரும், திரும்பிப் போவேன். லயத்துக்கே ஒரு பீலிதான். குடத்தோடு பின்னால் நிற்பவர்கள் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது.

உள்ளே பிள்ளை பசித்து அழும். எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிடும். மாமி, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் பிடித்துக்கொள்வார். நான் இரண்டு கையையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு பால் கொடுப்பேன். பெற்றவள் பிள்ளையைத் தொடாமல் பால் கொடுக்கிற அதிசயத்தை லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் சத்துக் குளிசையும் வெடிப்புக்கு ஒரு களிம்பும் தந்தார்கள். “கையத் தண்ணியில போடாதீங்க” என்றார் மருந்து கொடுக்கிறவர். அவருக்கென்ன, வாயால் சொல்லிவிட்டார்.

பீலியடியில் பேச்சுக் கேட்கப் பொறுக்காமல், தோட்டத்து எல்லைக்குக் கீழே ஓடுகிற ஓடைக்குப் போய்க் கழுவத் தொடங்கினேன். அங்கே ஒரு சிங்களக் குடும்பம் பெங்கிரிப் புல்லை அவித்து எண்ணெய் வடித்தது. எலுமிச்சை மாதிரி மணக்கிற புல். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் பூசுவதற்காக நாங்கள் அந்த எண்ணெயை வாங்குவோம். வேறு எதற்கும் அது உதவும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

ஒரு நாள் அந்த வீட்டு அக்கா இறங்கி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

“மே மொகத நங்கி? என்ன தங்கச்சி, கையா இது?” என்றார். அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“மூத்தவன் பொறந்தப்ப எனக்கும் பயம் வந்துச்சி நங்கி. கதவு பூட்டினேனா இல்லையான்னு. இத மோந்து பாருங்க. கையில பூச வேணாம், எரியும். துணியில ரெண்டு சொட்டு விடுங்க. பயம் வந்தா மோந்துகிட்டு அப்பிடியே ஒக்காருங்க. கழுவப் போக வேணாம். கொஞ்சம் பொறுங்க.”

முந்தானை நுனியில் விட்டுக்கொண்டேன். அந்த மணம் மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவைத்து, நினைப்பைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியது. நினைப்பு போய்விடவில்லை. ஆனால் ஓடிப்போய்க் கழுவாமல் சற்று நேரம் உட்கார முடிந்தது, உட்கார உட்காரப் பயம் தானாக இறங்கியது. எண்ணெய் நோயைத் தீர்த்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லி விற்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பகல், மாமி வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். பிள்ளை அழுதது. முந்தானையை முகர்ந்தேன், போய்த் தூக்கிவிட்டேன். கழுத்து நன்றாக நின்றிருந்தது. அதுகூட அதுவரை எனக்குத் தெரியாது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

மாமிக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம்தான் என் குடியைக் கெடுத்தது.

“நல்ல எண்ணெதான். ஆனா பச்சையா இருக்கு. மந்திரிச்சா இன்னும் வெரசா கேக்கும்” என்றார். எங்கள் ஆட்களுக்கு எண்ணெய் என்றால் மந்திரித்தால்தான் மருந்து. நான் மலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், அக்கா தந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு மேல் டிவிசன் பூசாரியிடம் போனார். அவர் திருநீறு போட்டு, தேங்காய் எண்ணெய் கலந்து, வாயால் ஊதிக் கொடுத்தார். திரும்பும் வழியில் லயத்து ஆட்கள் ஆளுக்கொரு விரல் தொட்டுக்கொண்டார்கள். ஒருத்திக்கு முழங்கால் வலி, இன்னொருத்திக்குக் குடிகாரப் புருஷன். மிச்சத்தை மாமி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“இந்தா புள்ள, மோந்துக்க.”

பெங்கிரி மணம் செத்துப்போயிருந்தது. அதையாவது பொறுத்திருப்பேன். போத்தல் வாயைச் சுற்றி அத்தனை பேரின் விரல் பட்ட எண்ணெய் வழிந்திருந்தது. அத்தனையும் ரப்பர் விரல்கள், அவற்றில் ஸ்டோரில் அசிட் ஊற்றுகிறவரின் விரலும் உண்டு. என்னால் முடியவில்லை. பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

மாமியின் முகம் மாறியது. “மந்திரிச்சதக் கண்டு பயப்படுதே” என்றார் மெதுவாக. மந்திரித்த பொருளைக் கண்டு விலகுவது பேய்தான். லயத்தில் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

“மாமி, அதுல எல்லாரும் கை வச்சிருக்காங்க. எனக்கு வேற போத்தல் வேணும்.”

“பாத்தீங்களா, பேசுது” என்றாள் அடுத்த காம்பராக்காரி.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவே தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலையில் அரநாயக்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாத்தனார் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். “கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணி” என்றார். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் வைது தீர்த்து ஆறியிருப்பேன்.

ஓடைக்கு ஓடினேன். அக்கா வேறு போத்தல் தந்தார். கரையிலேயே உட்கார்ந்து முகர்ந்தேன். மெல்ல மெல்லப் பயம் இறங்கியது. தூக்கத்தான் பிள்ளை இல்லை.

சில வருசம் கழித்து டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இது பேயும் இல்லை, திமிரும் இல்லை, ஒரு நோய் என்றார். குளிசை தந்தார். பயம் வரும்போது கழுவாமல் உட்கார்ந்திருக்கவும் பழக்கினார். எண்ணெயை முகர்வதில் பிழையில்லை, ஆனால் குளிசையை விடக்கூடாது என்றார். “முந்தியே வந்திருக்கலாமே” என்றும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் வணக்கம்கூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

கை ஆறியது. பிள்ளையைக் கேட்டு நாத்தனார் வீட்டுக்குப் போனபோது பள்ளிக்கூடத்தை நடுவில் மாற்ற வேண்டாம் என்றார்கள். நாத்தனாரின் பிள்ளைகளுக்கு நான் அத்தை. அவர்களோடு வளர்ந்த என் மகளும் என்னை அத்தை என்றுதான் கூப்பிட்டாள்.

அன்று பஸ் ஏறியதிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கை கழுவியிருக்கவில்லை. அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டு அவளைக் கிட்ட வரச் சொன்னேன். அவள் வரவில்லை, பீலிக்கு ஓடினாள். திரும்பி வந்து, தண்ணீர் சொட்டுகிற இரண்டு கையையும் என் முன்னால் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள்.

“நல்லா கழுவிட்டேன் அத்தை. இப்ப தொடலாம்.”

கழுவவே தேவையில்லை என்றேன். பிள்ளை நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தது, நான் சொல்வது உண்மையா என்று கேட்பதற்கு.