காலேஜ் அறையில் ஒரு தலைப்புச் செய்தி

எனக்கு இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை.

மகளை கம்யூனிட்டி காலேஜில் சேர்க்க, டூட்டிக்கு லீவு போட்டுவிட்டு மூன்று பேருமாக ஷார்ஜா போயிருந்தோம்.

நான் நர்ஸ். அவளும் நர்சிங் படிக்கட்டும் என்றிருந்தேன். அவளோ ஜெனரல் ஸ்டடீஸ்தான் வேண்டும் என்றாள். எல்லாத்தையும் கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டு, பிடித்ததற்குப் போவாளாம்.

"எடுத்து எடுத்துப் பாக்க இது என்ன சேலைக்கடையா? நீங்களாவது சொல்லுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் ஏசி டெக்னீஷியன். சைட்டிலிருந்து வந்தால் சாப்பாடு, தூக்கம். வாயே திறக்க மாட்டார்.

அட்மிஷன் மேடம் மலையாளி. சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம், "மகளோட வயசில சாருக்கு என்ன ஆகணும்னு ஆசை?" என்று கேட்டார்.

"நியூஸ் வாசிக்கணும்னு."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட சொன்னதில்லை!

"அப்பா, ஒருக்கா வாசிங்கப்பா" என்றாள் மகள்.

மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். நான் கேட்டே இராத கணீர்க் குரல் ஒன்று வந்தது.

"வணக்கம். தலைப்புச் செய்திகள். ஜெனிபா ஜெனரல் ஸ்டடீஸில் சேருகிறார். தாயார் கடும் எதிர்ப்பு. தந்தை முழு ஆதரவு."

மேடம் கைதட்டினார். நான் ஃபார்மை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். மகளைச் சேர்த்துவிட்டோம்.

காரில், "ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றேன்.

"நீ கேக்கலையே" என்றார்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். பதிலை கமெண்டில் போடுங்கள். அதிர்ச்சியில் எனக்கும் துணைக்கு ஆள் வேண்டும்.