மாடி ஏறினால் மானியம்

புதுக்கோட்டையில் வெந்நீர்க் கருவி வாங்கியவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். சித்திரையில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான். ஆனால் அம்மாவின் முழங்காலுக்கு விடிந்ததும் சுடுதண்ணீர் ஊற்றியாக வேண்டும். அடுப்பிலிருந்து அண்டாவைத் தூக்கித் தூக்கி என் இடுப்பும் போய்விட்டது. கடைசியில் வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் சோலார் கருவி ஒன்றை மாடியில் வைத்தோம். அதற்கு அரசு மானியம் உண்டு.

மானியம் கேட்பவர் கருவியோடு இருக்கும் படம் அனுப்ப வேண்டும். கருவியின் எண்ணும் படத்தில் தெரிய வேண்டும். கரண்ட் இணைப்பு அம்மா பெயரில் இருந்ததால் கேட்பவர் அம்மா. அம்மாவால் மாடி ஏற முடியாது. அந்தக் காலுக்காகத்தான் கருவியே வாங்கினோம். இதைக் கம்பெனிக்காரரிடம் விளக்கினேன்.

"உக்காந்துக்கிட்டு இருந்தாலும் பரவாயில்ல சார். ஆனா மாடியில உக்காரணும்" என்றார்.

திருக்கோகர்ணம் ஸ்டாண்டிலிருந்து தெரிந்த ஆட்டோக்காரர்கள் இருவரை அழைத்து வந்தேன். அம்மா பட்டுப்புடவை கட்டி, மடியில் சந்தனக் கிண்ணத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் தயாராக இருந்தாள். படியில் நாற்காலி ஒருபக்கம் சாய்ந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது.

"சாமி பொறப்பாட்டுக்கு இதவிட நிதானமா தூக்குவாங்க" என்றாள் அம்மா.

மாடியில் இறக்கியதும் அவள் கருவியைப் பார்க்கவே இல்லை. "நாற்காலிய அங்கிட்டுத் திருப்புடா" என்றாள். திருப்பினேன். கோபுரம் தெரிந்தது. பக்கத்து வீட்டு மாடியில் காயும் வத்தல் தெரிந்தது.

"ஊரணியில தண்ணி கெடக்குதே" என்றாள்.

கால் முடங்கியதிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் டிவியும் எதிர்ச் சுவரும்தான். ஆட்டோக்காரர்கள் மணி பார்த்ததும் நாற்காலியைக் கருவிப் பக்கம் திருப்பினேன். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் படமா என்று கேட்டு, அம்மா கைக்கு எட்டிய இடத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தாள். நானும் பயபக்தியோடு கும்பிட்டுவிட்டுப் படம் எடுத்தேன்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. எண் தெரியவில்லையாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கருவியில் அம்மாவின் பொட்டு சரியாக எண்ணின் மேல் உட்கார்ந்திருந்தது. எரிச்சல் தாங்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அப்ப இன்னொரு தடவ தூக்கணும்ல?" என்று கேட்டுவிட்டு, எந்தப் புடவை கட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கினாள்.

மறுபடி ஆட்டோக்காரர்கள், மறுபடி நாற்காலி. இம்முறை சந்தனக் கிண்ணத்தைக் கீழேயே வாங்கி வைத்துவிட்டேன். ஈரத்துணியால் பொட்டைத் துடைத்ததும் எண் பளிச்சென்று தெரிந்தது. படம் எடுத்தேன்.

"நல்லா வந்திருச்சா?"

"வந்திருச்சும்மா. இனிமே தூக்க வேண்டியதில்ல."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. ஊரணிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் கண்ண மூடிட்டேன்னு நெனைக்கிறேன். சரியாப் பாரு" என்றாள்.

பார்த்தேன். கண் நன்றாகத் திறந்திருந்தது.

"ஆமாம்மா, மூடிட்டீங்க" என்றேன்.