மரக்காணத்தில் நான் உடைத்த உப்புப் பாத்தி

சென்னையில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. அதைக் குழந்தைகள் விளையாடக் கொடுப்பதென்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. கோயில் வரவு செலவை நான் எழுதுவதால், சறுக்குமரம், ஊஞ்சல் விலை விசாரித்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லும் பொறுப்பும் என்னிடம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு டீச்சர் குழப்பிவிட்டார். மரக்காணம் பக்கம் சுனாமிக்குப் பிறகு தொடங்கிய ஓர் இடத்தில் பிள்ளைகளே பலகையும் கயிறும் வைத்துக் கட்டி விளையாடுகிறார்களாம், பெரியவர்கள் தலையிடுவதே இல்லையாம். வாங்குமுன் அதைப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் மகள் காயத்ரிக்கு எட்டு வயது. லீவு விட்ட நாள் முதல் "அம்மா, இப்ப நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சொன்னால் செய்வாள். சொல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பாள்.

2006 மே மாதம், ஒரு சனிக்கிழமை. விளக்கேற்றி வணங்கிவிட்டு, கோயம்பேட்டில் காலை ஐந்தே முக்கால் பஸ் பிடித்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகிற வண்டி. எல்லா வண்டியும் மரக்காணத்தில் நிற்காது, கேட்டு ஏறுங்கள். எனக்கு 42 ரூபாய், காயத்ரிக்கு 21. ஒன்பது பத்துக்கு இறங்கி, ஊர்க்கோயிலில் பூமீஸ்வரரைத் தரிசித்துவிட்டு ஆட்டோ கேட்டோம்.

"வெளாட்டு மைதானமா? அந்தக் குப்ப மேட்டயா கேக்கறீங்க?" என்றார் ஆட்டோக்காரர். "நாப்பது ரூபா குடுங்க. பத்தே நிமிஷத்துல திரும்பிடுவீங்க, வெயிட் பண்றேன்."

மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் கண் கூசியது.

அவர் சொன்னதில் தப்பில்லை. வேலிக்குள் பாதிப் படகு, டயர்கள், மூங்கில், கிழிந்த வலை, பலகைகள். ஆறு வயதுப் பையன் கையில் நிஜமான சுத்தியல்! தார்ப்பாய் நிழலில் முதலுதவி டப்பாவோடு ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருந்தாள். பெயர் ஜரினா. இடத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"கைய நசுக்கிக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"நசுக்கிப்பாங்கக்கா, ஒருவாட்டி. ஆணி நீட்டிக்கினு இருக்கற பலகைய மட்டும் காலைலயே பொறுக்கி எடுத்துடுவேன்."

"நீங்க என்னதான் சொல்லிக் குடுப்பீங்க?"

"ஒண்ணும் இல்ல. கூப்ட்டா போவேன்."

"இதுக்குச் சம்பளமா?" வாய் தவறி வந்துவிட்டது.

அவள் சிரித்தாள். "எங்க வூட்டுக்காரரும் இதையேதான் கேக்கறாரு."

"அம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் காயத்ரி.

ஜரினா யாருக்கோ கட்டுப்போட எழுந்து போனாள். நான் சும்மா இருந்து பழக்கமில்லாதவள். ஒரு மூலையில் மண்ணால் வரப்புக் கட்டிய நாலு சதுரக் குழிகள், கலங்கல் தண்ணீர், ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக ஏதோ. எங்கள் தெருவில் டயரிலும் கொட்டாங்கச்சியிலும் தேங்கும் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டே போகிறவள் நான்தான். குதிகாலால் நாலு வரப்பையும் உடைத்துவிட்டேன். தண்ணீரெல்லாம் மணலில் ஓடியது. நல்ல காரியம் செய்த திருப்தி வேறு!

"யம்மா! யாரு ஒடச்சது?" பத்து வயது இருக்கும், அஞ்சலை என்ற பெண் ஓடிவந்தாள். அவள் பின்னால் நாலைந்து பேர்.

"தண்ணி தேங்கி இருந்துச்சும்மா, கொசு வருமேன்னு…"

"உப்பு காய்ச்சற தண்ணில எங்கனா கொசு வருமா? ஆறு நாளா காய வெச்சிருக்கோம். ஓரத்துல உப்பு பூத்துடுச்சு, பாக்கல? நீ உல வெச்ச சோத்த நாங்க வந்து கொட்டுனா சும்மா இருப்பியா?"

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். அப்பா அம்மா செய்வதைத் தாங்களும் செய்து பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கூசிப்போனது. முந்தானையைச் செருகிக்கொண்டு மண்ணை அள்ளக் குனிந்தேன்.

"நீங்க கட்டாதீங்கக்கா," என்றாள் திரும்பி வந்த ஜரினா. "அதுங்கள கேளுங்க."

கேட்டேன். "நான் என்ன பண்ணட்டும்?" சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். தீர்ப்பை அஞ்சலை சொன்னாள். "நீ அங்க போய் உக்காரு. எதையும் தொடாத."

உட்கார்ந்தேன். பதினொன்று இருபதிலிருந்து ஒன்றே முக்கால் வரை. காயத்ரியைத் தேடினால், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மற்றவர்களோடு வரிசையாகப் புது வரப்புக்குச் சேற்றை மிதித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. 'பாவாடையைத் தூக்கிக்கோ' என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். ஒரு தரம் விழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. முட்டியைப் பார்த்தாள், மறுபடி மிதிக்கப் போய்விட்டாள். சந்நிதியில் மணிக்கணக்காகக் கை கட்டி உட்கார என்னால் முடியும். இங்கே கை துடித்தது.

காத்திருந்து பார்த்துப் போய்விட்டு, இரண்டு மணிக்கு வேறு சவாரியோடு வந்த அதே ஆட்டோக்காரர், "இன்னுமா இங்க இருக்கீங்க?" என்று எங்களை ஏற்றிக்கொண்டார்.

பஸ்ஸில் கேட்டேன், "என்னடி வெளாண்டீங்க?"

"சொல்ல மாட்டேன். சொன்னா நீ அதையும் சரி பண்ணுவ."

ஞாயிறு கமிட்டியில் பார்த்ததை அப்படியே சொன்னேன். சுத்தியல், காயம், உப்பு எல்லாம். நல்லதா கெட்டதா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். சறுக்குமரத்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, மதில் கட்டி மிஞ்சிய செங்கலையும் பலகையையும் மனையில் போடலாமா என்றேன். "அங்கே யார் உட்காருவது?" என்றார்கள். நான் என்றேன். அரை மனதாக ஒப்புக்கொண்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள், குடிதண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள், பிள்ளைக்குப் பழைய துணி போடுங்கள். திரும்பும் ஆட்டோவை முன்பே பேசிக்கொள்ளுங்கள். எதையும் கவிழ்க்காதீர்கள்.

இந்தக் கடைசி யோசனையில்தான் எனக்கே சந்தேகம். இன்று காலை மனையில் காயத்ரியும் மூன்று பிள்ளைகளும் செங்கல் வைத்துத் தண்ணீர் தேக்கியிருக்கிறார்கள். இது உப்புத் தண்ணீர் இல்லை, குழாய்த் தண்ணீர். கொசு நிச்சயம் வரும். கொட்டுவதா, விடுவதா? இதை எழுதி முடித்ததும் போய், அவர்களையே கேட்க வேண்டும்.