கர்னல் சோர்ஸ் எங்கே?

மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் பில் போடத்தான் அவளைச் சேர்த்தார்கள். மக்கர் பண்ணிய கம்ப்யூட்டரை ஒருநாள் சரிசெய்து தொலைத்தாள். அன்றிலிருந்து அந்த லினக்ஸ் பெட்டி தும்மினாலும் இருமினாலும் அவள் தலையில்தான். ‘டாக்டரம்மா’ என்று பட்டப்பெயர் வேறு.

லென்ஸ் அளக்க அன்று புதுக் கருவி வந்திருந்தது. அதைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை நிறுவப் போனால், கர்னல் சோர்ஸ் எங்கே என்று கேட்டது. கம்ப்யூட்டரை இயக்கும் கர்னலின் மூலக் கோப்புகள் அவை. அவற்றைப் பார்த்துத்தான் டிரைவர் தன்னை அளவாகத் தைத்துக்கொள்ளும்.

வழக்கமான இடம் /usr/src. திறந்தாள், காலி. இணையத்திலிருந்து இறக்கி நிறுவினாள். கோப்புறை நிரம்பியது. இடத்தைக் காட்டினாள். ‘பொருந்தவில்லை’ என்றது டிரைவர். மறுபடி காட்டினாள். மறுபடி அதே பதில்.

“கண்ணெதிர குத்துக்கல்லாட்டம் இருக்கு, தெரியலையா சனியனே?”

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னம்மா, ஆச்சா?”

“ஆனா சொல்ல மாட்டேனாண்ணே?”

போன் அடித்தது. கணவர். “பீரோ சாவி எங்க?”

“ஆணியில.”

“காணோமே.”

“உங்களுக்குமா! நல்லாத் தேடுங்க.” வைத்துவிட்டாள்.

எரிச்சலில் uname -r என்று தட்டினாள். ஓடுகிற கர்னலின் பதிப்பு எண் வந்தது. /usr/src-இல் இருந்ததோ வேறு எண். அப்போதுதான் விளங்கியது. அப்டேட்டில் புதுக் கர்னல் எப்போதோ வந்து இறங்கிவிட்டது. ஆனால் முதலாளி கம்ப்யூட்டரை அணைக்கவே விடாததால் பழையதுதான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இறக்கிய சோர்ஸ் புதியதற்கு உரியது.

“அண்ணே, இத ஒரு தடவ அணைக்கணும்.”

“ஐயோ, அணைச்சா எந்திரிக்காதும்மா!”

“அணைக்கலேன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்.”

அணைத்து மறுபடி போட்டாள். திரை இருண்டு கிடந்தவரை அவர் தலையில் கைவைத்து நின்றார். கம்ப்யூட்டர் எழுந்தது. இந்த முறை டிரைவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சோர்ஸைத் தானே கண்டுபிடித்து வேலையை முடித்துக்கொண்டது. கருவியும் லென்ஸை அளந்தது.

“இவ்ளோதானா? இதுக்கா மதியம் பூரா?” என்றார் முதலாளி.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். “இனிமே பில் போட வேற ஆளப் பாருங்கண்ணே. ரெண்டுல ஒண்ணுதான் என்னால முடியும்.”

அடுத்த வாரம் முதலாளியின் மச்சினன் பில் மேசையில் வந்து உட்கார்ந்தான். கூட்டல் தப்பினால் மட்டும் டாக்டரம்மாவைக் கூப்பிடுகிறான். தினமும் தப்புகிறது.