எண்ணாமல் இருந்த இரண்டு நிமிடம்

ஆம்புலன்ஸ் கேட்டு யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான். பதினோரு வருடமாக அதே நாற்காலி, அதே ஹெட்போன். வண்டி வந்து சேரும்வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பாள். வந்ததும் லைன் துண்டிக்கப்பட்டுவிடும். ஆள் பிழைத்தாரா என்று விசாரிக்கக் கூடாது; அது ஆபீஸ் விதி.

ஒரு நாள் ஒரு பெண் கூப்பிட்டாள். கணவர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். "நெஞ்சை அழுத்துங்கம்மா, நான் எண்ணுறேன், நிறுத்தாதீங்க" என்று பதினான்கு நிமிடம் விடாமல் எண்ணிக் கொடுத்தாள். வண்டி வந்தது, லைன் துண்டிக்கப்பட்டது.

அன்றோடு தூக்கம் போனது. விடிவதற்குள் விழிப்புத் தட்டிவிடும். குக்கர் விசிலடித்தால்கூடத் தூக்கிவாரிப்போடும்.

தையற்கடை வைத்திருந்த கணவன் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்தான். "காலையில பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரு. மூச்சை எண்ணு, போதும்."

உட்கார்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டில் அந்தப் பெண்ணின் மூச்சிரைப்பு காதில் விழுந்தது. விருட்டென்று எழுந்தாள்.

"அதுக்குள்ள பத்து நிமிஷம் ஆயிடுச்சா?"

"எண்ணச் சொல்லாதீங்க! நாள் பூரா எண்ணித்தானே சாகுறேன்!"

அன்றுதான் நடந்ததையெல்லாம் அவனிடம் கொட்டினாள்.

"இப்படி உள்ளுக்குள்ளயே புழுங்காதே. அவர் பிழைச்சாரான்னு போய்க் கேட்டுடு. தலையையா வாங்கிடுவாங்க?"

ஆபீஸ் வாசலில் அந்தப் பெண் வீட்டுக்குப் போன வண்டியின் டிரைவரைப் பிடித்தாள். அவர் தயங்கினார்.

"நாங்க போறப்பவே முடிஞ்சுபோச்சுக்கா. ஆனா அந்தம்மா கையை எடுக்கவே இல்ல. 'போன்ல ஒருத்தங்க கடைசிவரைக்கும் கூடவே இருந்தாங்க'ன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க."

அவள் பாத்ரூமில் போய் அழுது தீர்த்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த அழைப்பை எடுத்தாள்.

மறுநாள் காலை அவள் கண்ணை மூடவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குமிழ்கள். மேலே ஆடை சுருங்கியது, நடுவில் மெல்ல எழும்பியது. இரண்டு நிமிடம் இருக்கும். மனதில் எந்த எண்ணும் ஓடவில்லை.

எல்லா நாளும் அப்படி வாய்ப்பதில்லை. பல நாள் பார்வை பாலில் இருக்கும், காது போனுக்குப் போய்விடும். பால் பொங்கி வழிந்து அடிப்பிடித்துவிடும்.

"இன்னைக்கும் கருகல் டீதானா?" என்பான் கணவன், துணியை எடுத்து அடுப்பைத் துடைத்துக்கொண்டே.

"குடிங்க, ஒண்ணும் ஆகாது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.